ஈசானிய மூலைச் சுவர்

ஜூன் 11, புதன்

மக நளினி போன தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வாங்கிட்டு வந்து கொடுத்த டைரி இது. பிரிக்காம பீரோவுல கிடந்தது. இன்னிக்கு எடுத்து எழுத உட்கார்ந்ததுக்கு ஒரே காரணம் கோபம்.

காலையில ஒரு போன். பொண்ணு குரல். "ஆன்ட்டி, உங்க வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதணும், வெள்ளிக்கிழமை வரலாமா?"ன்னு கேட்டா. நான் லோன் கொடுக்கிற கம்பெனியோன்னு நினைச்சு, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா"ன்னு வெச்சுட்டேன். அவ விடாம மறுபடி கூப்பிட்டு விளக்கமா சொன்னா. மூணு மாசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரும் அவர் தங்கை சுலோச்சனாவும் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருக்காங்களாம். இந்த வீட்டைப் பாரம்பரியக் கட்டடம்னு அறிவிக்கணுமாம். அறிவிச்சுட்டா இடிக்க முடியாது, விற்கவும் ஆள் கிடைக்காது, ஆணி அடிக்கணும்னாலும் கேட்டுத்தான் அடிக்கணும்.

இதே வீட்டுல மூணு வேளையும் சமைச்சுப் போடறவளுக்கு மட்டும் தெரியாது.

"ஏனுங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"ன்னு கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சார். கண்ணாடி துடைச்சார்னா பதில் கிடையாதுன்னு அர்த்தம். சுலோச்சனா மாடிப்படியில நின்னுக்கிட்டு, "சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா அண்ணி?"ன்னா. விட்டிருக்க மாட்டேன். அதுக்காகச் சொல்லாம செய்யறதா?

ஆர்.எஸ்.புரத்துல இந்தத் தெருவுல 1937ல கட்டின வீடு இது. அப்ப ஊரே இதோட முடிஞ்சதாம், அக்கட்ட சோளக்காடாம். எங்க வீட்டுக்காரரோட தாத்தா கட்டினது. இப்ப பாதி இவருக்கு, பாதி சுலோச்சனாவுக்கு. அவ கல்யாணம் பண்ணிக்கலை, காலேஜ்ல தாவரவியல் சொல்லிக் கொடுத்து ரிடையர் ஆயிட்டா. மாடி அறையும் மொட்டைமாடிச் செடிகளும்தான் அவ ராஜ்ஜியம். மாசி மாசம் பக்கத்து வீட்டை இடிச்சாங்க. அன்னிக்கே அவ முகம் செத்துப்போச்சு. எனக்கு என்னவோ அங்க வரப்போற அடுக்குமாடியைப் பார்த்தா ஆசையா இருக்கு. லிஃப்ட், ஒழுகாத கூரை, பெருக்க நாலே ரூம். நமக்கும் அப்படி ஒண்ணு வாங்கிட்டுப் போயிடலாம்னு வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்கேன்.

வரட்டும் அந்தப் பொண்ணு. வீட்டோட லட்சணத்தை நானே காட்டறேன்.


ஜூன் 13, வெள்ளி

பேரு பெனாசிர். கோட்டைமேட்டுப் பொண்ணு. முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். கட்டடக்கலை படிச்சுட்டு, பாரம்பரியக் கட்டடக் குழுவுக்காகப் பழைய வீடுகளைப் பார்த்து எழுதிக் கொடுக்கறா. வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு சுவரைத் தடவிப் பார்த்தா. மாட்டைப் பிடிக்க வந்தவங்க தடவற மாதிரியே இருந்தது.

"இந்த வீட்டோட முக்கியத்துவம் என்னன்னு ஒரு பக்கம் எழுதணும் ஆன்ட்டி."

"முக்கியமா ஒழுகற இடமெல்லாம் எனக்குத் தெரியும். வா கண்ணு."

ஒண்ணு விடாம காட்டினேன். சமையல்கட்டுக்கு மேல போட்ட சிமெண்ட் ஷீட், ஏசிக்காக அறுத்த ஜன்னல், வராண்டாக் கைப்பிடியை எடுத்துட்டு வெச்ச இரும்பு கிரில், ஹாலோட சிவப்புத் தரை மேல ஒட்டின டைல்ஸ். இவ்வளவு கெட்டுப்போன வீட்டை எவனாவது பாரம்பரியம்பானான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். அவ என்னடான்னா எல்லாத்தையும் எழுதிட்டு, "சூப்பர் ஆன்ட்டி! மத்த வீடுகள்ல எல்லாத்தையும் மறைப்பாங்க. நீங்கதான் இவ்வளவு சொல்றீங்க"ங்கறா. சுலோச்சனா படியில உட்கார்ந்து சிரிக்கறா. எனக்கு வந்த எரிச்சல்!

வெளியே போய்ச் சுத்திப் பார்த்தா. வாசல் கேட் பக்கத்துல நின்னுக்கிட்டு, "இந்த வடகிழக்கு மூலை மட்டும் ஏன் ஆன்ட்டி பெட்டியை ஒட்ட வெச்சாப்ல இருக்கு?"ன்னா.

"அது பின்னால கட்டினது."

"எப்ப?"

"அடுப்புல பால் பொங்குது"ன்னு சொல்லிட்டு உள்ளே வந்துட்டேன். அடுப்புல பாலே இல்லை.


ஜூன் 14, சனி

சுலோச்சனாகிட்டப் பேச்சை நிறுத்தியாச்சு.


ஜூன் 19, வியாழன்

பேசாம இருக்கறதுல இவருக்குத்தான் சிரமம். "அண்ணா, அண்ணிகிட்ட ஊறுகாயை இக்கட்ட நகர்த்தச் சொல்லு." ஊறுகாய் என் கைக்கிட்டத்தான் இருக்கு. அவர் என்னைப் பார்ப்பார். நான், "ஏனுங்க, உங்க தங்கச்சிக்குக் கை நீளம்தானே"ம்பேன். அவரே எழுந்து வந்து எடுத்துக் கொடுத்துட்டுப் போய் உட்காருவார். இன்னிக்கு அரிசிம்பருப்பு சாதம் வெச்சேன். அவளுக்குப் பிடிக்கும்னு வைக்கலை, மழைச் சாரலுக்குச் சூடா இருக்கட்டும்னு வெச்சேன்.

பெனாசிர் போன் பண்ணினா. பட்டுக்கத்தரிச்ச மாதிரிச் சொல்லிட்டா. இந்த ஊர்ல இந்த மாதிரி வீடு நிறைய இருக்காம். இதுல வேறெங்கும் இல்லாதது ஒண்ணுதானாம். சுலோச்சனா ஒரு பழைய போட்டோ காட்டியிருக்கா. அதுல வடகிழக்கு மூலை சதுரமா இல்லை, கப்பலோட முன்பக்கமாட்ட வட்டமா வளைஞ்சு, வளைவு முழுக்க ஜன்னலா இருக்கு. அந்த வளைவு அந்தச் சதுரச் சுவருக்குள்ள இன்னும் உசிரோட இருந்தா வீடு பாரம்பரியப் பட்டியல்ல சேரும். இல்லைன்னா சேராது. பூட்டிக் கிடக்கற அந்த மூலை ரூமைத் திறந்து பார்க்கணுமாம்.

சாவி என்கிட்டத்தான் இருக்கு.

எழுதிடறேன். எழுதினா என்ன, யார் படிக்கப் போறா.

அந்த வளைவு மாமனார் வரைஞ்சது. இன்ஜினியரிங் படிக்கற வயசுல பம்பாய் போயிட்டு வந்து, தாத்தாகிட்ட அடம்பிடிச்சு அந்த மூலையை மட்டும் தன் இஷ்டப்படி கட்ட வெச்சாராம். அப்புறம் பவுண்டரி வெச்சார், மோட்டார் பம்பு செஞ்சார், அம்பது பேருக்கு வேலை கொடுத்தார். ஆனா வந்த ஒறம்பரைக்கெல்லாம் முதல்ல காட்டறது அந்த வட்ட ரூமைத்தான். நான் கல்யாணமாகி வந்த அன்னிக்கும், "இது நான் பண்ணினது அம்மிணி"ன்னு சின்னப் பையனாட்ட காட்டினார்.

என் மூத்தவ தேன்மொழிக்கு அந்த ரூம்தான். நாலு வயசு. காலையில வெயில் வளைவு முழுக்கச் சுத்தி வரும், இவ ஒவ்வொரு ஜன்னலா அது பின்னாடியே நகர்ந்து போவா. 86 ஐப்பசி. ஜுரம் வந்தது. மூளைக்காய்ச்சல்னு அப்புறம் சொன்னாங்க. போயிட்டா. இதுல யாரையும் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. எங்க வீட்டுக்காரரையும் சொல்ல முடியாது.

அதுக்கு அப்புறம் கொஞ்ச நாள்ல மாமா ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிட்டு வந்தார். அந்த ஆள் வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு என் முன்னாலதான் சொன்னார். "ஈசானிய மூலை வெட்டுப்பட்ட வீடுங்க இது. வளைச்சுக் கட்டினதால மூலையே இல்லாமப் போச்சு. குழந்தைங்களுக்கு ஆகாது." உடனே மாமா வளைவுக்கு வெளியே சதுரமா சுவர் எழுப்பி மூலையை உண்டாக்கினார். உள்ளே ஜன்னலெல்லாம் பலகை அடிச்சு, ரூமைப் பூட்டி, சாவியை என் கையில கொடுத்தார்.

மாமா எப்பேர்ப்பட்ட மனுஷன்! பவுண்டரியை வேணும்னே ராகு காலத்துல ஆரம்பிச்சவர். ஜோசியக்காரன் தெருவுல வந்தா வம்பிழுத்து அனுப்பறவர். அவரே நம்பித் தன் வளைவைத் தானே மூடினார்னா அதுல உண்மை இல்லாமலா இருக்கும்? சுவர் கட்டின பிறகுதான் நளினி பிறந்தா. நல்லா இருக்கா, இப்ப அவளுக்கே ஆறு மாசம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இந்த வீட்டை எனக்கு ஏன் பிடிக்கலைன்னு கேக்கறாங்க. ஒழுகறதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.


ஜூன் 27, வெள்ளி

ஒரு வாரமா சாவியைக் கேட்டு யாரும் என்கிட்ட வரலை. அதுதான் எனக்குத் தாங்கலை. கேட்டா மாட்டேன்னு சொல்லிடலாம்.

காலையில சாவியைச் சாப்பாட்டு மேஜை மேல வெச்சுட்டு, பேரூர் கோவிலுக்கு பஸ் ஏறிட்டேன். திரும்பி வர மத்தியானம் ஆச்சு. ரூம் கதவு சாத்தியிருந்தது. சாவி மேஜை மேலேயே இருந்தது. என்ன ஆச்சுன்னு நான் கேக்கலை. பச்சப்புளி ரசம் வெச்சேன். இவர் ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடலை.

உள்ளே போனாரான்னு தெரியலை. இத்தனை வருஷத்துல அந்தக் கதவுப் பக்கம்கூட அவர் போனதில்லை. நான் சாவி வெச்சிருந்தேன், அவர் அந்த வழியா நடக்கறதையே விட்டுட்டார். குளிக்கப் போக ஹாலைச் சுத்திக்கிட்டுப் போவார். பாவம், அவரும் அப்பன்தானே.


ஜூலை 4, வெள்ளி

பெனாசிர் மறுபடி வந்தா. போன வாரம் நான் கோவிலுக்குப் போயிருந்தப்ப ரூமைத் திறந்து, பலகையை எடுத்துப் பார்த்ததைச் சொல்லணுமாம். மூணு பேரும் இருக்கணும்னு கேட்டா. எனக்கு இந்த வீட்டுல கையெழுத்துப் போடற உரிமையே இல்லை, நான் எதுக்குன்னேன். இவர், "பூங்கோதை சரின்னா எனக்குச் சரி. இல்லைன்னா இல்லை"ன்னு சொல்லிட்டார். பெனாசிர் என் முகத்தைப் பார்த்தா. நல்லா மாட்டிவிட்டார் மனுஷன்.

அவ சொன்னதை அப்படியே எழுதறேன்.

"ஆன்ட்டி, வளைவு அப்படியே இருக்கு. வெளிப்பூச்சுல இழுத்த பட்டைகூட அழியலை. ஆனா எனக்கு ஆச்சரியம் அது இல்லை. அந்தச் சதுரச் சுவர். அது வளைவை எங்கேயும் தொடலை. நடுவுல ஒரு ஆள் பக்கவாட்டுல நுழையற இடம் விட்டிருக்காங்க. பழைய சுவர்ல ஒரு செங்கல்கூடக் கோத்து விடலை. ஈரம் தங்காம இருக்க மேலேயும் கீழேயும் காத்துத் துளை வெச்சிருக்காங்க. ஜன்னல் கம்பி, கீல் எல்லாத்துக்கும் கிரீஸ் தடவி, சாக்கு சுத்தி வெச்சிருக்காங்க. அப்புறம் அந்தச் சுவர் சிமெண்ட்ல கட்டினதே இல்லை. வெளியே மட்டும்தான் பூச்சு. உள்ளே வெறும் மண்ணு வெச்சு அடுக்கியிருக்காங்க. கையால எடுத்துடலாம்."

"அந்தக் காலத்து வேலை அப்படித்தான் இருக்கும்"னேன்.

"எண்பத்தி ஆறுல யாரு ஆன்ட்டி மண்ணுல கட்டுவாங்க? வாஸ்துக்காகக் கட்டறவங்க வளைவை இடிச்சுட்டு மூலையை ஒழுங்கா எழுப்பிடுவாங்க. இது பின்னாடி எடுக்கணும்னு நினைச்சே கட்டின சுவர். வளைவுக்கு ஒரு கீறல் விழாம."

சுலோச்சனா ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தா. இவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சார்.

சுவரை எடுத்தாத்தான் பட்டியல்ல சேர்ப்பாங்களாம். எடுக்க நான் சம்மதிக்கணும். பெனாசிர் டீயைக் குடிச்சுட்டு மெதுவாக் கேட்டா, "அந்தச் சுவர் எதுக்காகக் கட்டினதுன்னு அறிக்கையில என்ன எழுதட்டும்?"

"வாஸ்துன்னு எழுதிக்கோ."


ஜூலை 5, சனி

ஊருக்கே பம்பு செஞ்சு வித்த மனுஷனுக்கு நாலு மூட்டை சிமெண்ட்டுக்கா பஞ்சம்?


ஜூலை 12, சனி

முடியாதுன்னு சொல்லிட்டேன். ஆடி பொறக்கப் போகுது, ஆடியில கடப்பாரை எடுக்கற வழக்கம் நமக்கில்லை. ஆவணியில நளினி பிரசவத்துக்கு வர்றா. பச்சைக் குழந்தை வர்ற வீட்டுல ஈசானிய மூலையைத் திறந்து விட்டுட்டு நான் தூங்கறதா? பெனாசிருக்கு நான் சொல்றது புரிஞ்சது. "உங்க பயம் எனக்குப் புரியுது ஆன்ட்டி, யாரும் அவசரப்படுத்த மாட்டோம்"னா. நல்ல பொண்ணு. கத்தியிருந்தா எனக்கும் பதிலுக்குக் கத்த வசதியா இருந்திருக்கும்.

நளினிக்குப் போன் பண்ணினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அம்மா, தாத்தாவுக்குத்தான் சாமியே கிடையாதே. அவர் எப்படிம்மா வாஸ்து பார்த்தார்?"ன்னா. எனக்குச் சுள்ளுனு வந்தது. "உன் வயித்துல இருக்கறதைப் பத்தி யோசி"ன்னு வெச்சுட்டேன்.

நார்த்தங்காய் நறுக்கி உப்புல போட்டேன். மொட்டைமாடியில சுலோச்சனாவோட தொட்டிகளுக்குப் பக்கத்துல வெயில் நல்லா இருக்கு, ஆனா அங்க போகணும்னா அவகிட்டப் பேசணும். வராண்டாவுலயே வெச்சேன்.


ஜூலை 20, ஞாயிறு

காலையில சுலோச்சனாவோட நானே பேசினேன். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, தொண்டையே கரகரன்னது. மாடியில செடிக்குத் தண்ணி விட்டுட்டு இருந்தா.

"உங்க அப்பா அந்தச் சுவரை எதுக்குக் கட்டினார்?"

குழாயை மூடினா. "அதை நான் சொல்ல மாட்டேனுங்க அண்ணி. அண்ணன் வாயில வரணும்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியுங்க. அப்பா பேசினப்ப நானும் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்." முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டா. "எனக்கு எழுபது ஆகப் போகுதுங்க. அப்பா வரைஞ்சதை வெளிச்சத்துல ஒருவாட்டி பார்த்துடணும்னுதான் மனு போட்டேன். உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு இல்லை."

கீழே வந்தேன். இவர் சமையல்கட்டுல உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துட்டு இருந்தார். ஞாயித்துக்கிழமைன்னா அவராவே வந்து ஏதாவது வேலை செய்வார். கல்யாணமான புதுசுல அந்தப் பழக்கம் கிடையாது.

"ஏனுங்க, மாமா அந்தச் சுவரை எதுக்குக் கட்டினார்?"

கண்ணாடியைக் கழட்டினார். "துடைக்காதீங்க"ன்னேன். துடைக்கலை. மேஜை மேல வெச்சார்.

"தேனு போன பிறகு நீ என்னைப் பார்த்த பார்வை உனக்கு ஞாபகம் இருக்கா?"

இந்த வீட்டுல அந்தப் பேரைச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆச்சு.

"பேசவே மாட்டே. பார்த்துட்டே இருப்பே. அப்பா கவனிச்சுட்டார். என்னைக் கூப்பிட்டு, 'அவ கோபம் எங்கேயாவது போய்த்தான் ஆகணும்டா. உன் மேல வந்தா நீயும் தாங்க மாட்டே, அவளும் தாங்க மாட்டா. வீடு தாங்கும்'னார். அப்புறம்தான் யாரோ ஒருத்தரைப் பிடிச்சு, என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தார்."

"அந்த ஆள் வாஸ்துக்காரரே இல்லையா?"

"பொள்ளாச்சியில நாடகத்துல நடிக்கறவர்."

எனக்குச் சிரிப்புதான் முதல்ல வந்தது. கடவுளே, சிரிப்பு வந்தது. அந்த ஆளுக்கு நான் என் கையால காபி கலந்து கொடுத்துக் கால்ல விழுந்தேன்.

"அப்புறம் எதுக்கு எடுக்கற மாதிரிக் கட்டினார்?"

"'அவ மனசு ஆறினதும் உண்மையைச் சொல்லிட்டுச் சுவரை எடுத்துடு'ன்னார். சாகறதுக்கு முன்னாடிகூடக் கேட்டார், 'எடுத்தியாடா'ன்னு."

"நீங்க ஏன் எடுக்கலை?"

அவரைக்காயைப் பார்த்துட்டே சொன்னார். "நீ என்கூட நல்லா இருந்தே கோதை."

நான் எழுந்து அவரைக்காயைக் கழுவி, நறுக்கி, தாளிச்சுப் பொரியல் பண்ணினேன். மூணு பேரும் சாப்பிட்டோம்.


ஜூலை 21, திங்கள்

இட்லி. தேங்காய்ச் சட்னி. எழுத ஒண்ணுமில்லை.


ஜூலை 26, சனி

அஞ்சு நாளா யார் மேல கோபப்படறதுன்னே தெரியாம வீட்டுக்குள்ள நடந்துட்டு இருக்கேன்.

மாமா மேல வருது. எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு அவர் யார் முடிவு பண்ண? அப்புறம் அந்தக் கீல்களை நினைச்சுக்கறேன். ஒவ்வொரு கீலா கிரீஸ் தடவிச் சாக்கு சுத்தியிருக்கார். ஒரே ஒரு தடவைதான் அந்த மனுஷன் தன் ஆசைக்குன்னு ஏதோ கட்டினார். அதை எனக்காக மூடிட்டு, கடைசி வரைக்கும் வாசல்ல நாற்காலி போட்டு அந்த அசிங்கமான சதுரத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவங்க கேட்டா, "வாஸ்துங்க"ம்பார். சிரிப்பாங்க. மாமாவை வம்பிழுக்க அவங்களுக்கு ஒரு சந்தர்ப்பம். அவரும் சேர்ந்து சிரிப்பார். மாமாவைக் கும்பிடறதா, திட்டறதான்னு தெரியலை.

சுலோச்சனா மேல வரலை. அவ இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கா. நார்த்தங்காயை மாடிக்கு எடுத்துட்டுப் போனேன். "இங்கேயே வெயிங்க, நான் பார்த்துக்கறேன்"னா.

எங்க வீட்டுக்காரர் மேல.

அது ஒரு ஞாயித்துக்கிழமை. இதை நான் எங்கேயும் எழுதினதில்லை, சொன்னதும் இல்லை. சனிக்கிழமை ஜுரம். ஞாயித்துக்கிழமை காலையில குழந்தை கழுத்தைத் திருப்ப மாட்டேங்குது, வெளிச்சத்தைப் பார்த்தாக் கண்ணை மூடிக்குது. ஜன்னல் ஜன்னலா வெயில் பின்னால ஓடற குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். அவர் திங்கட்கிழமை பார்த்துக்கலாம்னார்.

இதுதான். மறந்ததே இல்லை. அந்த மூலையில போட்டு மேலே சுவர் எழுப்பிட்டாங்க, நானும் சரின்னு சாவியை வாங்கிக்கிட்டேன்.

பெனாசிரைக் கூப்பிட்டேன். "ஆள் அனுப்பு கண்ணு. சுவரை எடுத்துடலாம்."

"ஆடியில வேண்டாம்னீங்களே ஆன்ட்டி? ஆவணி பொறக்கட்டுமே, எனக்கு அவசரமில்லை."

"எனக்கு அவசரம்."

கொஞ்சம் தயங்கிட்டு, "அப்ப காரணம் வாஸ்துன்னே எழுதட்டுமா?"ன்னா.

"குடும்பக் காரணம்னு எழுது. அதுக்கு மேல கேட்டா அந்தம்மா சொல்லலைன்னு எழுது."


ஆகஸ்ட் 6, புதன்

காலையிலயே ரெண்டு கொத்தனாரும் பெனாசிரும் வந்துட்டாங்க. வெளிப்பூச்சை உடைக்கற வரைக்கும்தான் சத்தம். அதுக்கு அப்புறம் ஒவ்வொரு செங்கல்லா கையாலயே உருவி எடுத்தாங்க. பெனாசிர் சொன்னது நிஜம். வேலை செய்யறவங்களே, "இதென்னங்க, அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சாங்க. சுலோச்சனா வாசல் கேட் பக்கத்துல நின்னுட்டு நகரவே இல்லை. மேலிருந்து கீழே வர வர, வளைவு கொஞ்சம் கொஞ்சமா வெளியே வந்தது. ஜன்னலுக்கு மேல வளைஞ்சு போற சன்ஷேடு, அதுக்குக் கீழே மூணு பட்டை. அவ வாயைப் பொத்திட்டு அழுதா. நான் அவ தோளைப் பிடிச்சுட்டேன். "அண்ணி, அப்பா எவ்வளவு அழகா வரைஞ்சிருக்காருங்க, பாருங்க"ன்னா. அழகுதான். இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. தெருவுல போறவங்க வண்டியை நிறுத்திப் பார்த்தாங்க.

எல்லாரும் வெளியே இருந்தப்ப நான் உள்ளே போனேன். கதவைத் திறந்தேன்.

ரூம் காலி, பலகையும் சாக்கும் எடுத்தாச்சு. வெறும் தரை. ஒரு ஜன்னலைத் தள்ளினேன், சத்தமே இல்லாம திறந்தது. எல்லா ஜன்னலையும் திறந்தேன். வெயில் உள்ளே வந்தது. தேனு எங்கே நிப்பா, எங்கே உட்காருவான்னு காலுக்குத் தெரிஞ்சிருக்கு. நானே போய் அங்க நின்னுட்டேன். நான் இங்க வந்தா செத்துடுவேன்னுதான் இவ்வளவு நாளும் நினைச்சுட்டு இருந்தேன்.

திரும்பினா இவர் வாசல்படியில நிக்கறார். உள்ளே கால் வைக்கலை. நிலையைப் பிடிச்சுட்டு நிக்கறார்.

"நான் அன்னிக்கு என்ன சொன்னேன்?"னு கேட்டேன்.

எந்த அன்னிக்குன்னு அவர் கேக்கலை. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னே."

"எத்தனை தடவை சொன்னேன்?"

"நிறையத் தடவை."

"நீங்க?"

"திங்கட்கிழமை பார்த்துக்கலாம்னேன்."

"ஏன்?"

"ஞாயித்துக்கிழமை டாக்டர் இருக்க மாட்டார், எதுக்கு அலையணும்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கலை கோதை. அவ்வளவுதான் நினைச்சேன்."

அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததுன்னு தெரியலை. கத்தினேன். "ஏன்யா, நான் பெத்தவ சொல்றேன்னு உனக்குக் கேக்கலையா? நான் தனியா தூக்கிட்டு ஓடியிருப்பேனே, 'பொறு பொறு'ன்னு கையைப் பிடிச்சு உட்கார வெச்சியே! கழுத்து வெறைச்சுக் கிடந்தாளேய்யா!" கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒரு தடவைகூட நீன்னு சொன்னதில்லை. இன்னிக்குச் சொன்னேன். என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாததெல்லாம் சொன்னேன். வெளியே செங்கல் எடுக்கற சத்தம் நின்னுபோச்சு. தெருவுக்கே கேட்டிருக்கும். கேக்கட்டும். உன்னால எனக்குச் சாகற வரைக்கும் ஆறாதுன்னேன். உனக்கு காபி போட்டேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், உன்னோட சிரிச்சேன், அதெல்லாம் அந்தச் சுவரை வெச்சு என்னை ஏமாத்தி வாங்கினதுன்னேன்.

அவர் போகலை. நான் கத்தறப்பல்லாம் எழுந்து வெளியே போயிடற மனுஷன் இன்னிக்கு நிலையைப் பிடிச்சுட்டு எல்லாத்தையும் கேட்டுட்டு நின்னார். கண்ணுல தண்ணி போயிட்டே இருந்தது, துடைக்கலை.

எனக்கு மூச்சு வாங்கிச்சு. வாய் ஓய்ஞ்சு நின்னேன்.

அப்பத்தான் அவர் படியைத் தாண்டி உள்ளே வந்தார். முழங்காலைப் பிடிச்சுட்டு, மெதுவா, வெறும் தரையில உட்கார்ந்தார்.

"இன்னும் இருக்கா?"ன்னார்.

"இருக்கு."

"சொல்லு."

நானும் உட்கார்ந்தேன்.